கிடா வாங்கும் முன்: நம் மந்தைக்கு என்ன இலக்கு வைப்பது?

கரும்புமேடு (ஸ்டேங்கர்)

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டல் மாகாணக் கரைப் பக்கம், ஸ்டேங்கருக்கு மேற்கே, முன்பு கரும்பு நின்ற சரிவு நிலத்தில் அறுபது பெட்டை ஆடுகள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் இந்தப் பக்கத்து நாட்டு ஆடுகள். சிலவற்றில் போயர் என்ற கறி ஆட்டின் கலப்பு உண்டு. வரும் மார்ச், ஏப்ரலில் மந்தைக்குள் புதுக் கிடா விட வேண்டும். உள்நாட்டுப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து போயர் கிடாக்களின் விவரம் அனுப்பியிருக்கிறார்கள். பிறந்த எடை, 100 நாள் எடை, தாய் தகப்பன் கண்காட்சியில் வாங்கிய பரிசு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்தத் தாய் எத்தனை ஈத்து ஈன்றது, ஈன்ற குட்டிகளில் எத்தனை பிழைத்தன என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, அதெல்லாம் யாரும் கேட்பதில்லையே என்றார்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். கிடா இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். அதன் மகள்கள் பட்டியில் ஏழெட்டு வருடம் இருக்கும், பேத்திகள் அதற்கும் மேல். இன்றைக்கு நான் எதைக் கேட்டு வாங்குகிறேனோ அதுதான் பத்து வருடம் கழித்து என் மந்தை. என் நிலத்தில் ஆடு சாவது டிசம்பர் முதல் மார்ச் வரை, இங்கே கோடையில், மழையோடு வரும் குடற்புழுவாலும், உண்ணி கொண்டுவரும் ஹார்ட்வாட்டர் நோயாலும். எடை போதாமல் இழந்த காசைவிட, செத்த குட்டிகளில் இழந்த காசு அதிகம். அப்படியிருக்க எடையை மட்டும் பார்த்து வாங்கலாமா? நீங்கள் எதை எழுதி வைத்துக்கொண்டு தேர்வு செய்கிறீர்கள்?

வீனன்_போயர்

தம்பி, எடையைக் குறை சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். போயர் ஆடு நம் நாட்டிலேயே உருவான இனம். 1959ல் சாமர்செட் ஈஸ்டில் சங்கம் வைத்து, ஆடுகளை நிறுத்துப் பார்த்து, பதிவு வைத்து வளர்த்தெடுத்தார்கள். இன்று உலகம் முழுக்க கறிக்கு முதலில் நினைப்பது இந்த ஆட்டைத்தான். என் பட்டியில் ஐந்தாறு மாதக் குட்டி தரும் எடையை நாட்டு ஆடு ஒரு வருடம் மேய்ந்தாலும் தராது. தீவனம், உண்ணிக்கு முக்கி எடுக்கும் டிப்பு மருந்து, ஆள் கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. கிலோவுக்குத்தானே காசு?

மரபுக்கணக்கு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இருவருக்கும் வணக்கம். பதில் சொல்லும் முன் கரும்புமேடு தம்பியிடம் ஒரு கேள்வி. உங்கள் ஆட்டை வாங்குபவர்கள் யார்? கிலோ கணக்கில் வாங்குகிறார்களா, உருப்படிக் கணக்கிலா?

கரும்புமேடு

உருப்படிக் கணக்குதான் அக்கா. முக்கால்வாசி இந்த மண்ணின் சூலு மக்கள் குடும்பங்கள், மூதாதையர் சடங்குக்கு வாங்குகிறார்கள். நிறம் சொல்லிக் கேட்பார்கள், கொம்பு நன்றாக இருக்க வேண்டும், உடம்பில் குறை இருக்கக் கூடாது. நம் ஆட்களும் நேர்த்திக்கடனுக்குக் கிடா கேட்டு வருவார்கள். ரொம்பச் சின்னதாக இருந்தால் விலை குறையும், அது உண்மை. ஆனால் ஓரளவு வளர்ந்துவிட்டால் அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனியாகக் காசு வருவதில்லை.

மரபுக்கணக்கு

அப்படியானால் வீனன் அண்ணனின் இலக்கும் உங்கள் இலக்கும் ஒன்றாக இருக்கவே முடியாது. குவாசுலு-நாட்டலில் சடங்கு ஆட்டுக்கு எவ்வளவு கிராக்கி என்றால், நமீபியாவிலிருந்து உயிரோடு லாரியில் ஏற்றி வருகிறார்கள். அந்தச் சந்தை கேட்பது உயிரோடு, ஊனமில்லாமல், கேட்ட நிறத்தில் நிற்கும் ஆட்டை. உங்களுக்கு வருமானம் என்பது ஒரு பெட்டைக்கு வருடத்தில் எத்தனை குட்டி பிழைத்து விற்பனைக்கு நிற்கிறது என்பதுதான்.

எடையை எல்லோரும் பார்ப்பதற்குக் காரணம் அது முக்கியம் என்பது மட்டுமில்லை. தராசு இருந்தால் போதும், ஒரே நாளில் அளந்துவிடலாம். பாரம்பரியமாகவும் நன்றாக இறங்கும். குட்டிகளுக்குள் தெரியும் எடை வித்தியாசத்தில் சுமார் கால் பங்கு, சில மந்தைகளில் அதற்கு மேலும், மரபால் வருகிறது. சினை பிடிப்பது, குட்டி பிழைப்பது போன்றவற்றில் அந்தப் பங்கு பெரும்பாலும் பத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் "தேர்வு செய்து என்ன பயன்" என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் அது இருந்த இடத்திலேயே இருக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். இருக்காது. தின்ற தீனி ஓர் உடம்புக்குள்தான் பங்கு போகிறது. வளர்ச்சிக்கும் பாலுக்கும் மட்டுமே பல தலைமுறை தேர்வு செய்துகொண்டு போனால், நோயை எதிர்க்கவும் திரும்பச் சினை பிடிக்கவும் மிஞ்சுவது குறைந்துகொண்டே வரும். அளக்காதது மெதுவாகக் கீழே போகும். அளக்காததால் அது போவதும் கண்ணுக்குத் தெரியாது.

டென்மார்க் பன்றிப் பண்ணைகளில் இதை நேராகவே பார்த்தார்கள். ஓர் ஈற்றில் எத்தனை குட்டி பிறக்கிறது என்று தேர்வு செய்தார்கள், எண்ணிக்கை ஏறியது, கூடவே சாவும் ஏறியது. 2004ல் எண்ணும் நாளை மாற்றினார்கள். பிறந்த அன்று எண்ணாமல், ஐந்தாம் நாள் உயிரோடு இருக்கும் குட்டிகளை எண்ணினார்கள். பண்ணையில் செய்யும் வேலை ஏறக்குறைய அதேதான். ஆனால் தேர்வு போகும் திசை மாறியது, குட்டிகள் பிழைக்கும் விகிதம் ஏறத் தொடங்கியது. எதை எண்ணுவது, எந்த நாளில் எண்ணுவது என்பதில் அவ்வளவு இருக்கிறது.

ஹோவிக்_கறவை

நாட்டல் உள்நாட்டு மேட்டுப் பகுதியான மிட்லண்ட்ஸில் ஒரு பால் பண்ணையில் மேற்பார்வை பார்க்கிறேன். அக்கா சொன்னதற்குக் கறவை மாட்டில் பெரிய சாட்சி இருக்கிறது.

ஹோல்ஸ்டீன் மாட்டைப் பாலுக்காகவே பல பத்தாண்டு தேர்வு செய்தார்கள். பால் ஏறியது, சினை பிடிப்பது சரிந்தது. ஒரு மாட்டுக்குச் சினை ஊசி திரும்பத் திரும்பப் போட்டு, கடைசியில் கறிக்கு விற்ற கதை எல்லாப் பண்ணையிலும் உண்டு. அமெரிக்காவில் மாடு மந்தையில் எவ்வளவு காலம் நிலைத்துப் பால் தருகிறது என்பதைத் தேர்வுக் கணக்கில் சேர்த்ததே 1994ல்தான். மகள்கள் சினை பிடிக்கும் விகிதத்தைச் சேர்த்தது 2003ல். நார்வேக்காரர்கள் 1970களிலேயே சினைப்பிடிப்பையும் மடிநோயையும் இலக்கில் வைத்துவிட்டார்கள். அவர்கள் சிவப்பு மாடு பாலில் ஹோல்ஸ்டீனுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கலாம். ஆனால் நேரத்துக்குச் சினை பிடிக்கும், மடி கெடாது. இன்று பல நாடுகளில் ஹோல்ஸ்டீனோடு கலப்பதற்கென்றே அந்த விந்தை வாங்குகிறார்கள்.

மரபின் பங்கு ஐந்து சதவீதம்கூட இல்லாத ஒரு குணத்தை எப்படி மேலே கொண்டுவந்தார்கள்? ஒவ்வொரு காளைக்கும் நூற்றுக்கணக்கில் மகள்கள், ஒவ்வொரு மகளுக்கும் கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டு, எல்லாம் ஒரே நாட்டுப் பதிவேட்டில். ஒரு மாட்டை வைத்து எதுவும் தெரியாது. முந்நூறு மகள்களை வைத்துப் பார்த்தால் காளையின் குணம் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய ஹோல்ஸ்டீன் காளைகள் ஏறக்குறைய அனைத்தின் ஆண் வழியும் 1960களில் பிறந்த இரண்டே காளைகளில் போய் முடிகிறது. ஒன்று சீஃப், இன்னொன்று எலிவேஷன். சீஃப் 1962ல் பிறந்தது. அதன் மகள்கள் பாலைக் கொட்டின. அதன் மரபில் ஒரு பழுது இருந்தது. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் அந்தப் பழுது சேர்ந்துவிட்டால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். உலகம் முழுக்க ஐந்து லட்சத்துக்கு மேல் கன்றுகள் இப்படிக் கலைந்திருக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள், நட்டம் சுமார் 42 கோடி டாலர். சீஃப் கொடுத்த பால் லாபம் அதைவிடப் பல மடங்கு என்பதும் உண்மை, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஒரே ரத்தத்தை அவ்வளவு தூரம் பரப்பினால், பழுது கண்ணில் படுவதற்குள் அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் பண்ணை மேய்ச்சல் பண்ணை. ஒவ்வொரு நாளும் கறவைக் கூடத்துக்கு நடந்து வந்து நடந்து போக வேண்டும், புல் வளரும் பருவத்துக்குச் சரியாகக் கன்று போட வேண்டும். அதனால் பெரிய உடம்பை நாங்கள் தேடுவதே இல்லை. ஜெர்சி கலந்த நடுத்தர மாடுதான் இங்கே நிலைக்கிறது.

தொங்காட்_பெரியவர்

பிள்ளைகளே, நல்ல விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு மாடுதான் தெரியும், அதனால் மாட்டை வைத்துச் சொல்கிறேன்.

நம் முன்னோர்கள் நாட்டலில் கரும்பு வெட்ட வந்தது 1860ல். அப்போது சூலு மக்களிடம் இருந்தது நிகுனி மாடு. சின்ன உடம்பு, ஆயிரம் நிறம், உண்ணிக்கு அசையாது, ஆள் உதவி இல்லாமல் கன்று போடும். 1896, 97ல் வெக்கை நோய் வந்து தென்னாப்பிரிக்கா முழுக்க மாடுகளில் பெரும்பங்கை வாரிக்கொண்டு போனது. மிஞ்சிய நிகுனி மாட்டை வெள்ளைக்காரப் பண்ணையாளர்களும் அதிகாரிகளும் தரமற்றது, கலப்பு என்று ஒதுக்கினார்கள். ஐரோப்பாக் காளைகளைக் கொண்டுவந்து "முன்னேற்றப்" பார்த்தார்கள். சூலுலாந்தில் பார்ட்லோ பண்ணையில் ஒரு மந்தையைச் சுத்தமாகக் காப்பாற்றி வைத்த சிலர் இல்லாவிட்டால் அந்த ரத்தத்தில் பாதி போயிருக்கும். 1980களில்தான் அதற்குச் சங்கமும் அங்கீகாரமும் வந்தன. இன்றைக்கு அதே மாட்டை ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். எந்தக் குணத்துக்காக? உண்ணி தாங்கும், வறட்சி தாங்கும், வருடம் தவறாமல் கன்று தரும். அன்றைக்கும் அதே குணம்தான். அதைச் சேர்த்து எண்ண அன்றைக்கு யாரும் இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். யான் பொன்ஸ்மா என்ற விஞ்ஞானி 1937 வாக்கில் மாரா ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளூர் ஆப்பிரிக்கானர் பசுக்களோடு ஹியர்ஃபோர்ட், ஷார்ட்ஹார்ன் என்ற இங்கிலாந்து இனங்களைக் கலந்தார். வெயிலில் எந்த மாடு மூச்சு வாங்குகிறது, எதன் மேல் உண்ணி அதிகம், எதன் தோல் முடி வழவழப்பாக இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் அளந்தார். அப்படி வந்ததுதான் பொன்ஸ்மாரா. எட்டில் ஐந்து பங்கு ஆப்பிரிக்கானர், மீதி அந்த இரண்டும். பொன்ஸ்மா பேரும் மாரா பேரும் சேர்ந்து வைத்த பேர். அதில் வேகமும் இருந்தது, நிலத்துக்கு ஏற்ற உடம்பும் இருந்தது. ஆகவே கலப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் இந்த மண் என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கலந்தார் அவர்.

கேட்டோரிட்ஜ்_கோழி

கறிக்கோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்க்கிறேன். குஞ்சு அவர்கள் கொடுப்பது, தீவனம் அவர்கள் கொடுப்பது. இன இலக்கு வைப்பதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. உலகத்துக் கறிக்கோழி ரத்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று கம்பெனிகள் கையில்.

கனடாவில் பழைய ரகங்களைச் சேமித்து வைத்திருந்தவர்கள், மூன்று காலத்துக் கோழிகளை ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் 1957 ரகம் 905 கிராம், 1978 ரகம் 1,808 கிராம், 2005 ரகம் 4,202 கிராம். ஒரு கிலோ கறிக்கு வேண்டிய தீவனம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. நம் நாட்டில் ஏழை வீட்டில் கறி என்றால் கோழிதான், அது இந்தக் கணக்கால்தான் எட்டும் விலையில் இருக்கிறது.

ஆனால் கொட்டகைக்குள் இருப்பவன் நான். கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும் கோழி, வயிற்றில் நீர் கோத்துச் சாகும் கோழி, இதெல்லாம் ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கிறேன். இவற்றின் தாய்க்கோழிகளுக்கு வயிறு நிறையத் தீவனம் போட்டால் அவை முட்டையிடும் வயதுவரை நல்லபடியாக இருக்காது. அதனால் அளந்து, பசியோடேதான் வைக்கிறார்கள். இது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். கம்பெனிகளும் இப்போது கால் வலு, இதயம், பிழைப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்வு செய்கிறார்கள். ஆனால் அது இன்னும் போதவில்லை.

முட்டைக்கோழியில் ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் மியூர் என்பவர் தனிக் கோழியைப் பார்த்துத் தேர்வு செய்யாமல், ஒரே கூண்டில் இருக்கும் அக்கா தங்கைக் கோழிகளின் மொத்த முட்டையைப் பார்த்துத் தேர்வு செய்தார். தனித்தனியாகத் தேர்வு செய்தால் பக்கத்துக் கோழியைக் கொத்தி அதன் தீனியையும் தின்னும் கோழிதான் முதலில் வரும். கூண்டாகத் தேர்வு செய்ததில் சில தலைமுறைக்குள் வருடச் சாவு 68 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்குக் கீழே வந்தது. கொத்தாமல் இருக்க அலகு நுனியை வெட்டும் வேலை இல்லாமலேயே.

வீனன்_போயர்

எல்லாம் சரி. ஆனால் யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. என் இடம் வீனன், உள்நாட்டில் முள்மரக் காடு, காய்ந்த நிலம். ஆடு தலைக்கு மேல் உள்ள இலையைத் தின்கிறது, தரைப் புல்லைக் கொஞ்சம்தான் தொடுகிறது. புழுத் தொல்லை குறைவு. என் பெட்டைகள் இரட்டை ஈன்று இரண்டையும் வளர்க்கின்றன. நான் கசாப்புக்குக் கிலோ கணக்கில் விற்கிறேன். எனக்கும் போயர் தப்பு என்று சொல்வீர்களா?

மரபுக்கணக்கு

இல்லவே இல்லை அண்ணா. உங்கள் இடத்துக்கு அது சரியான ஆடு. போயர் வளர்ந்ததே கிழக்குக் கேப்பின் காய்ந்த புதர்க்காட்டில்தான். அதே ரத்தம் ஈரமான புல்வெளிக்குப் போனால் கதை வேறு. அமெரிக்காவில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் போயர், கிகோ, ஸ்பானிஷ் பெட்டைகளை ஒரே மேய்ச்சலில், ஈரப்பதம் கூடிய இடத்தில், பல வருடம் வைத்துப் பார்த்தார்கள். குட்டி வளர்ப்பதிலும், புழு தாங்குவதிலும், மந்தையில் நிலைப்பதிலும் போயர் பெட்டைகள் பின்தங்கின. போயரின் எடையை யாரும் மறுக்கவில்லை. பெட்டை நிலைக்காதபோது அந்த எடை யாருக்கு? ஸ்டேங்கர் கரையும் வீனனும் வண்டியில் சில மணி நேரத் தூரம்தான். ஆட்டுக்கு அவை இரண்டு வேறு உலகம்.

இந்த வித்தியாசத்தை வைத்தே ஒரு வழி இருக்கிறது. கரும்புமேடு தம்பி, உங்கள் அறுபது பெட்டையில் சிறந்த நாற்பதுக்கு நாட்டுக் கிடா விடுங்கள். அவற்றின் பெண் குட்டிகள்தான் நாளைய தாய்கள். மீதி இருபதுக்கு வீனன் அண்ணனிடம் வாங்கிய போயர் கிடா விடலாம். அந்தக் குட்டிகள் ஆணோ பெண்ணோ, அனைத்தும் விற்பனைக்கு. அதில் ஒரு பெண் குட்டிகூடப் பட்டியில் தங்கக் கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும். போயரின் வளர்ச்சி உங்களுக்குக் கிடைக்கும், தாய் மந்தையின் தாங்கும் சக்தியும் கெடாது.

காங்கேயத்தான் (டர்பன், ஊர் ஈரோடு பக்கம்)

அக்கா சொன்ன அந்தக் கடைசிக் கட்டுப்பாடுதான் எங்கள் ஊரில் உடைந்தது. ஜெர்சியும் ஹோல்ஸ்டீனும் கலந்ததில் பால் பெருகியது, பல குடும்பம் பிழைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காங்கேயம் மாட்டின் வேலை கவலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதும் வண்டி இழுப்பதும். பம்புசெட்டும் டிராக்டரும் வந்ததும் அந்த வேலை போனது. வேலை போன மாட்டுக்கு எவ்வளவு நல்ல இலக்கு எழுதினாலும் வளர்க்க ஆள் வேண்டுமே? கொரங்காடு என்று எங்கள் பக்கம் மேய்ச்சல் காடு உண்டு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். அந்தக் காட்டை வைத்திருக்கும் குடும்பங்கள்தான் மாட்டையும் வைத்திருக்கின்றன. 2017ல் ஜல்லிக்கட்டுக்காக ஊரே திரண்டபோது நாட்டு மாட்டின் மேல் பெருமை வந்தது. ஆனால் இனத்தைத் தாங்குவது பசு. பசு வளர்ப்பவர் வீட்டுக்கு மாதா மாதம் என்ன வருகிறது என்பதையும் இலக்கில் சேர்க்க வேண்டும்.

கரும்புமேடு அண்ணா, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. சடங்குச் சந்தை நாட்டு ஆட்டுக்கு ஒரு வேலையைக் கொடுத்து வைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செடாரா_மாணவி

நான் கால்நடை படிக்கிறேன். ஒரு சந்தேகம். குணங்கள் ஏழெட்டு ஆகிவிட்டால் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது? எல்லாவற்றிலும் முதலாவதாக வரும் ஆடு எங்கும் இருக்காதே. சுற்றுச்சூழல், ஆடுமாடு ஏப்பத்தில் விடும் மீத்தேன் வாயு இதெல்லாம்கூட இலக்கில் வர வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள்.

மரபுக்கணக்கு

நல்ல கேள்விம்மா. 1943ல் ஹேசல் என்பவர் இதற்கு வழி சொன்னார். ஒவ்வொரு குணமும் ஓர் அலகு ஏறினால் பண்ணைக்கு எவ்வளவு லாபம், அது எவ்வளவு மரபாக இறங்கும், மற்ற குணங்களை எந்தப் பக்கம் இழுக்கும், இந்த மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவது. பெரிய இனச் சங்கங்கள் எல்லாம் இதைத்தான் கணினியில் செய்கின்றன. ஆனால் இன்றைய சந்தை விலையை மட்டும் வைத்து முக்கியத்துவம் கொடுத்தால், விலைச்சீட்டில் இல்லாதது எல்லாம் சுழி ஆகிவிடும். ஆட்டின் நிம்மதி, மருந்துக்கு அடங்காத புழு உருவாகும் ஆபத்து, பத்து வருடம் கழித்து வரும் வறட்சி, எதற்கும் இன்று விலை இல்லை. அவற்றுக்கு விலை இல்லாவிட்டாலும் "இதற்குக் கீழே போகக் கூடாது" என்று ஒரு கோடு போட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

அறுபது ஆடு வைத்திருப்பவருக்குக் கணினி வேண்டியதில்லை. ஒரு பெட்டை ஒரு வருடத்தில் பால் மறக்கடித்த குட்டிகளின் மொத்த எடை, அதை மட்டும் எழுதினாலே சினை பிடித்தது, இரட்டை ஈன்றது, பால் இருந்தது, குட்டி பிழைத்தது, வளர்ந்தது எல்லாம் ஓர் எண்ணுக்குள் வந்துவிடும். ஈனாத பெட்டைக்கு அந்த எண் சுழி. மூன்று ஈத்து எழுதினால் யார் நல்ல தாய் என்று தெரிந்துவிடும்.

கூடவே கண்ணிமை பாருங்கள். ஃபமாச்சா அட்டை நம் நாட்டில் உருவானது, ஃபாஃபா மலான் என்ற கால்நடை மருத்துவரின் பெயரை வைத்தது. கண்ணின் உள் இமை ஒன்றாம் எண்ணில் சிவப்பு, ஐந்தாம் எண்ணில் வெளுப்பு. ரத்தம் குடிக்கும் புழு எந்த ஆட்டைச் சாய்க்கிறது என்று அதில் தெரியும். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். எல்லா ஆட்டுக்கும் எப்போதும் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் எது தானாகத் தாங்குகிறது என்று தெரியவே தெரியாது, புழுவும் மருந்துக்குப் பழகிவிடும். மந்தையில் புழுவின் பெரும்பங்கு சில ஆடுகளிடம்தான் இருக்கும். ஒரு கோடைக்குள் திரும்பத் திரும்ப நாலு, ஐந்து வாங்கும் பெட்டையின் மகனைக் கிடாவாக வைக்காதீர்கள், எவ்வளவு எடை இருந்தாலும்.

மீத்தேன் பற்றிச் சுருக்கமாக: செத்துப்போன குட்டியின் தாய் வருடம் முழுக்க அந்த வாயுவை விட்டும் கறி இல்லை. சாவைக் குறைத்து, தாயை நீண்ட நாள் வைத்திருந்தால் கிலோ கறிக்கு வரும் வாயு தானே குறையும். சிறு மந்தைக்கு அதற்கு மேல் தனியாக அளக்க வேண்டாம்.

ஹோவிக்_கறவை

கிடா எண்ணிக்கையையும் சொல்லுங்கள் அக்கா. முக்கால்வாசிப் பேர் ஒரே கிடா வைத்து நாலைந்து வருடம் ஓட்டுகிறார்கள்.

மரபுக்கணக்கு

ஆமாம், அதுதான் சத்தமில்லாமல் அழிக்கும். அறுபது பெட்டைக்கு ஒரே கிடா என்றால் ஒரு தலைமுறைக்கு நெருங்கிய உறவுக்குள் ரத்தம் சேரும் அளவு சுமார் 12, 13 சதவீதம் ஏறும். மூன்று கிடா வைத்தால் நாலரைக்கு உள்ளே வரும். ஒரு சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது பொதுவான அறிவுரை. தனி ஆளால் அது முடியாது. ஒரே மாதிரி ஆடு, ஒரே மாதிரி நிலம் உள்ள நாலு பேர் சேர்ந்து, 240 பெட்டைக்கு 14 கிடா வைத்தால் அந்த அளவுக்குள் வரலாம். ஒருவர் பட்டியில் பிறந்த நல்ல கிடாக்குட்டி எப்போதும் அடுத்தவர் பட்டிக்குப் போகட்டும், சுற்று வரிசையில். மகளோடு தகப்பன் சேருவது அங்கேயே நின்றுவிடும். நாலு பட்டியிலும் ஒரே மாதிரிப் பதிவு எழுதினால் கிடாக்களை ஒப்பிடவும் முடியும்.

தொங்காட்_பெரியவர்

சேர்க்கும்போது சூலு பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல நாட்டுக் கிடாக்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. எந்தத் தாயின் மகன் என்று கேளுங்கள், மூன்று தலைமுறை சொல்வார்கள்.

கரும்புமேடு

எல்லோருக்கும் நன்றி. பேசியதை வைத்து நான் எழுதிக்கொண்டது இது. தாய் மந்தைக்கு முதல் இலக்கு: பெட்டைக்கு வருடத்துக்குப் பால் மறக்கடித்த எடை ஏற வேண்டும். கோடு: கோடையில் ஒரு முறைக்கு மேல் இமை வெளுத்த பெட்டையிடமிருந்து கிடா எடுப்பதில்லை, ஆள் உதவி இல்லாமல் ஈனாத பெட்டையிடமிருந்தும் எடுப்பதில்லை. நிறமும் கொம்பும் சந்தைக்கு வேண்டும், ஆனால் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். மேலே வைத்தால் மற்றதெல்லாம் அடிபடும். பக்கத்தில் மூன்று பேரிடம் பேசியிருக்கிறேன், அதில் இருவர் சூலு குடும்பங்கள். இருபது பெட்டைக்குப் போயர் வேண்டும். வீனன் அண்ணா, தாயின் பதிவோடு கிடா தருவீர்களா?

வீனன்_போயர்

தருகிறேன். தாயின் ஈத்துக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது, விலைச்சீட்டில் போட்டது கிடையாது. இனி போடுகிறேன். நாலு ஈத்தில் ஏழு குட்டி வளர்த்த பெட்டையின் மகன் ஒன்று இருக்கிறது. எடையில் என் பட்டியில் மூன்றாவதுதான், உங்களுக்குப் பரவாயில்லையா?

ஒன்று மட்டும் கவனம். 2021லிருந்து நம் மாகாணத்தில் கோமாரி திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டை நகர்த்த அனுமதி வேண்டுமா என்று இரண்டு பக்கத்துக் கால்நடை அலுவலகத்திலும் முதலில் கேளுங்கள். என் பக்கம் ஹார்ட்வாட்டர் உண்ணி குறைவு, உங்கள் கரையில் அதிகம். நேராக மந்தைக்குள் விட்டால் கிடா தாங்காது.

கரும்புமேடு

மூன்றாவது போதும் அண்ணா. அனுமதி கேட்டுவிட்டு எழுதுகிறேன். வந்ததும் நாலு வாரம் தனிக் கொட்டிலில் வைப்பேன். ஹார்ட்வாட்டருக்கு ஒண்டர்ஸ்டபூர்ட் தடுப்பூசி நிலையத்தின் ரத்தத் தடுப்பூசி போடலாமா அக்கா?

மரபுக்கணக்கு

போடலாம், ஆனால் அது உயிருள்ள கிருமி. போட்ட பிறகு தினமும் காய்ச்சல் பார்த்து, ஏறும்போது டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும். கால்நடை மருத்துவர் கூட இல்லாமல் செய்யாதீர்கள். மார்ச்சில் கிடா விட வேண்டுமென்றால் டிசம்பருக்குள் ஆட்டைக் கொண்டுவந்துவிடுங்கள். காய்ச்சல் வந்த கிடாவுக்கு விந்து பழைய நிலைக்கு வர இரண்டு மாதம் ஆகும்.